ஏழாங்கட்டை நினைவு இன்னிசை விருந்து

பேரவையின் அழைப்பிதழில் மொத்தம் பதினேழு விதிகள் இருந்தன. பாட்டுக் கேட்கவும் சோறு தின்னவும் பதினேழு விதி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். கேப்ரியலும் கேட்டார், மனத்துக்குள். வாய்விட்டுக் கேட்டால் பதினெட்டாவது விதி வந்துவிடும் என்று அவருக்குப் பயம்.

கேப்ரியலுக்கு வயது அறுபத்திரண்டு. ஈப்போவில், குனோங் ராபாட்டில் பள்ளி வேன் ஓட்டுகிறார். அதற்கு முன்னால் இருபத்தாறு வருடம் கோப்பெங் பக்கம் ஏழாங்கட்டை ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் சீவினார். தோட்டம் மூடிப் பதினான்கு வருடமாயிற்று. மரம் போயிற்று, லயத்து வீடுகள் போயிற்று, மாதா கோயிலும் போயிற்று. இடுகாடு மட்டும் மிச்சம். அதில் வேலியோரமாக அவருடைய மனைவி டோரிஸ், தன் அம்மாவுக்குப் பக்கத்தில், ஒன்பது வருடமாகப் படுத்திருக்கிறாள். ஒவ்வொரு நவம்பரும் கல்லறைத் திருநாளுக்கு முதல் நாள் கேப்ரியல் போய் அவளுடைய சிலுவைக்கு நீலச் சாயம் அடித்துவிட்டு வருவார். மற்ற சிலுவைகளெல்லாம் வெள்ளை. டோரிஸுக்கு நீலம் பிடிக்கும், அவ்வளவுதான்.

நிலத்தை ஒரு வீடமைப்பு நிறுவனம் வாங்கியது. பேராக் தோட்டத் தமிழர் நினைவுப் பேரவை உடனே கொதித்தெழுந்து நிறுவனத்தோடு ஏழு சுற்றுப் பேச்சு நடத்தியது. ஏழாவது சுற்று முடிந்தபோது நிறுவனம் பேரவையின் பிளாட்டினம் புரவலராகிவிட்டது. இடுகாட்டின் மேல் ‘நினைவுப் பூங்கா’ வரும், அதில் ஒரு நீரூற்றும் மெதுவோட்டப் பாதையும் இருக்கும் என்று முடிவாயிற்று. தங்கள் வீட்டு எலும்புகளை எடுத்துக்கொண்டு போக விரும்புகிற குடும்பங்கள், பேரவைத் தலைவர் கையெழுத்திட்ட கடிதத்தோடு, வேலை தொடங்குவதற்கு முன் வந்து எடுத்துக்கொள்ளலாம். வேலை திங்கட்கிழமை தொடங்கும்.

கேப்ரியல் எல்லாம் தயாராக வைத்திருந்தார். ஈப்போவில் சபைக் கல்லறையில் பாதர் ஓர் இடம் கொடுத்திருந்தார், ரெண்டு பேர் படுக்கிற இடம். ஒரு பக்கம் டோரிஸ், மறுபக்கம் தனக்கு. கூட்டாளி ஜெயபாலன் தச்சு வேலை செய்பவர். நல்ல பலகையில் முழங்கை நீளத்துக்கு ஒரு பெட்டி செய்து, மூடி போட்டு, மெருகும் ஏற்றிக் கொடுத்தார். கையெழுத்து மட்டும்தான் வரவில்லை. நான்கு மாதமாக வரவில்லை. கடிதம் இல்லாமல் ரெண்டு தடவை போய்ப் பார்த்தார். கேட்டில் இருந்த காவலாளி உள்ளே விடவில்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பது சும்மா சொன்ன பழமொழி இல்லை.

பேரவைச் செயலாளர் பெத்தபெருமாள் கடைசியில் வழி சொன்னார்.

“தலைவர் டத்தோவ ஆபீஸ்ல புடிக்க முடியாதுலா அண்ணே. சனிக்கெழம நம்ம ஷோவுக்கு வாங்க. லைவ் பேண்டு, பஃபே, தண்ணி எல்லாம் இருக்கு. அங்கயே கையெழுத்து வாங்கிடலாம். ஆனா ஒண்ணு, உங்க வருகை அட்டை முழுசா இருக்கணும்.”

“எனக்குப் பாட்டு வேணாம் சார். கையெழுத்து போதும்.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. அப்புறம் பாட்டு யாரு கேக்குறது?”

ஆகவே சனிக்கிழமை மதியம் ரெண்டரைக்கு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, பெட்டியை மடியில் வைத்துத் தன் பழைய கப்சாய் மோட்டார் சைக்கிளில் கேப்ரியல் அந்த நட்சத்திர ஹோட்டலுக்கு வந்து சேர்ந்தார். ஐந்தரைக்கு நிகழ்ச்சி முடியும். நேராகத் தோட்டத்துக்குப் போய்விடலாம். ஜெயபாலன் மண்வெட்டியோடு அங்கே காத்திருப்பார். இருட்டுவதற்குள் எடுத்துவிட்டு, ஞாயிறு முதல் பூசைக்குப் பிறகு அடக்கம். காலையிலிருந்து அவர் பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் சாப்பிடவில்லை. பாதர் அப்படி எதுவும் சொல்லவில்லை. டோரிஸைத் தொடும்போது வெறும் வயிறாக இருக்கவேண்டும் என்று அவராக எடுத்த முடிவு.

மண்டப வாசலில் பதிவுக் குழுத் தலைவி செகப்பி உட்கார்ந்திருந்தார். பட்டுப்புடவை, கழுத்தில் பேரவை அடையாள அட்டை, கையில் ரப்பர் முத்திரை. காதில் போன்.

“நாலே முக்கா. அதுதான் நல்ல நேரம். ஒரு நிமிஷம் தாண்டக்கூடாது, பேண்டுக்காரன்கிட்ட சொல்லிருங்க,” என்று போனில் அதட்டிவிட்டு நிமிர்ந்தார். பெட்டியைப் பார்த்தார்.

“என்னண்ணே இது? சாப்பாட்ட தாப்பாவ் பண்ணி வீட்டுக்குக் கொண்டு போறதுக்கா?”

“இல்லம்மா. இது வந்து...”

“விதி ஒம்பது. வெளிப் பாத்திரம், டப்பா, பொட்டி எதுவும் உள்ள வரக்கூடாது. போன வருஷம் ஒருத்தர் வாளியில முழு ரெண்டாங்கு எறைச்சிய அள்ளிட்டுப் போனாரு. பொட்டிய இங்க குடுங்க.”

“அம்மா, இது எலும்பு வைக்கிற பொட்டி.”

“எலும்போ கறியோ, விதி ஒண்ணுதான்.”

பெட்டிக்கு ‘உணவுக் கொள்கலன் – ஒன்று’ என்று ஒரு சீட்டு ஒட்டப்பட்டது. பிறகு விதி பத்து: இசை நிகழ்ச்சி நேரலையாகப் பதிவாவதால் கைத்தொலைபேசிகளைக் கூடையில் போடவேண்டும். இந்த விதி நாற்பதாம் எண் மேசைக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும். கேப்ரியலின் மேசை நாற்பத்தொன்று. போனும் போயிற்று. பதிலுக்கு அவர் கையில் ஓர் அட்டை வந்தது. அதில் ஆறு கட்டங்கள்: பதிவு, பெரட்டு, உரை, உணவு, இசை, நன்றியுரை. முதல் கட்டத்தில் செகப்பி ஓங்கி ஒரு முத்திரை குத்தினார்.

“ஆறும் இருந்தாத்தான் கடுதாசியில கையெழுத்து. புரியுதாண்ணே? சாப்பிட்டுட்டு ஓடிப் போறவங்களால இந்தச் சமுதாயமே கெட்டுப்போச்சு.”

நாற்பத்தொன்றாம் மேசை சமையலறைக் கதவை ஒட்டி இருந்தது. கதவு திறக்கிறபோதெல்லாம் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொள்ளவேண்டும். அங்கே ஏற்கெனவே ஒருவர் இருந்தார். பெயர் பிச்சைமுத்து, தெலுக் இந்தான்காரர். எழுபது வயது. இந்த நாட்டில் பிறந்தவர். ஆனால் கையில் இன்னும் குடிமகன் அல்லாதவருக்குத் தரும் சிவப்பு ஐசிதான். குடியுரிமை மனுவுக்குப் பேரவையின் ஆதரவுக் கடிதம் வேண்டும் என்று இது நான்காவது வருடமாக விருந்துக்கு வருகிறாராம்.

“நாலு வருஷமாவா?” என்றார் கேப்ரியல்.

“மொத வருஷம் உணவு முத்திரை இல்ல. ரெண்டாவது வருஷம் நன்றியுரையில தூங்கிட்டேன், குத்தமாட்டேன்னுட்டாங்க. போன வருஷம் ஆறும் இருந்துச்சு. டத்தோவுக்குப் பேனா இல்ல.” பிச்சைமுத்து சட்டைப் பையைத் திறந்து காட்டினார். மூன்று பேனாக்கள் இருந்தன. “இந்த வருஷம் விடமாட்டேன்.”

விருந்தின் கருப்பொருள் ‘தோட்டத்து நினைவுகள்’. அதைப் பேரவை வெகு சிரத்தையாகச் செய்திருந்தது. மேடை, விடியற்காலையில் ஆட்களை எண்ணி வேலைக்கு அனுப்பும் பெரட்டுக் களம் போல அமைக்கப்பட்டிருந்தது. பரிமாறுகிறவர்கள் நெற்றியில் விளக்கு கட்டிப் பால் மரம் சீவுகிற ஆட்களாக வேடமிட்டிருந்தார்கள். சூப்பும் ஐஸ்கச்சாங்கும் ரப்பர்ப் பால் வடிக்கிற மங்குகளில் இருந்தன. இருபத்தாறு வருடம் மங்கு துடைத்த கேப்ரியல், புளித்த பால் நாற்றம் இல்லாத மங்கை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார். மூலையில் ஒரு கள்ளுக்கடை. அதில் பீரும் விஸ்கியும் கொட்டாங்கச்சியில் ஊற்றித் தரப்பட்டன, முதல் பத்து மேசைகளுக்கு. மற்றவர்களுக்கு ரோஸ் சிரப் தண்ணீர்.

மூன்றரைக்குத் தலைவர் டத்தோ பழனியப்பன் வந்தார். நடந்து வரவில்லை. பழைய வெள்ளைக்காரத் துரைகள் போடுகிற தொப்பியைப் போட்டுக்கொண்டு, கோல்ப் வண்டி ஒன்றில், மண்டபத்தின் நடுவே வந்தார். அறிவிப்பாளர் ஷார்மேன் ஒலிவாங்கியில் கத்தினாள்.

“துரை வர்றாரு! எல்லாரும் பெரட்டுக்கு எழுந்து நில்லுங்க! கையத் தூக்கி ‘இருக்கேன் துரை’ன்னு சொல்லுங்க!”

முதல் பத்து மேசைக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தபடி கையைத் தூக்கினார்கள். நாற்பத்தொன்றாம் மேசையில் யாரும் சிரிக்கவில்லை. பிச்சைமுத்து சொல்லாமலே எழுந்து, கைகட்டி, தலை குனிந்து நின்றிருந்தார். அவருடைய உடம்புக்கு அது விளையாட்டு என்று தெரியவில்லை. கேப்ரியலும் “இருக்கேன்” என்றார். சொன்னதும் அவருக்கு வெட்கமாக இருந்தது. ரெண்டாவது கட்டத்தில் முத்திரை விழுந்தது.

அடுத்தது தலைமையுரை. டத்தோ தொப்பியைக் கழற்றி உதவியாளரிடம் கொடுத்தார்.

“நான் தோட்டத்துல பொறந்தவன் இல்ல. அத நான் மறைச்சதே இல்ல,” என்று ஆரம்பித்தார். பலத்த கைதட்டல். “ஆனா இந்த மாநிலத்துல பதினோரு தோட்டம் கைமாறினப்ப, ஒவ்வொரு தடவையும் கூட நின்னு ஆறுதல் சொன்னவன் நான்தான். யாருக்கு? ரெண்டு பக்கத்துக்கும். அதுதாங்க தலைமைத்துவம்.”

மறுபடி கைதட்டல்.

“செல பேரு கேக்குறாங்க, சுடுகாட்ட ஏன் விட்டுக் குடுத்தீங்கன்னு. நான் கேக்குறேன், நெனவு எங்க இருக்கு? மனசுல இருக்கு. நெலம் எங்க இருக்கு? நெலத்துல இருக்கு. ரெண்டையும் போட்டுக் கொழப்பக்கூடாது. இன்னொண்ணும் சொல்றேன். நாங்க சட்டப்படி நோட்டீசு ஒட்டினோம். எங்க? சுடுகாட்டுக் கேட்டுலயே ஒட்டினோம். முப்பது நாள் டைம் குடுத்தோம். உள்ள இருக்கிற நூத்திப் பதினாலு பேர்ல ஒருத்தர்கூட ஆட்சேபம் சொல்லல! இந்த ஒத்துமைய வேற எந்தச் சமுதாயத்துல பார்க்க முடியும்?”

மண்டபம் அதிர்ந்தது. தட்டியவர்களில் நாலைந்து பேர் யோசித்துவிட்டு நிறுத்தியதைக் கேப்ரியல் பார்த்தார். பிறகு அவர்களும் பக்கத்தில் பார்த்துத் தொடர்ந்து தட்டினார்கள். மூன்றாவது முத்திரை.

பந்திக்கு முந்து என்பார்கள். இங்கே முந்த முடியாது. மேசை எண் வரிசை. நாற்பத்தொன்று கூப்பிடப்பட்டபோது நண்டு தீர்ந்திருந்தது, ஆட்டுக்கறி அடியில் கிடந்தது, மீ கோரெங் ஆறிப்போயிருந்தது. கேப்ரியல் வெறும் தட்டோடு செகப்பியிடம் போய் அட்டையை நீட்டினார்.

“எங்கண்ணே சாப்பாடு?”

“நான் இன்னிக்கு ஒருசந்தி மாதிரிம்மா. சாப்பிடல. குத்திக் குடுத்திருங்க.”

“வெறுந்தட்டுக்கு எப்படிண்ணே குத்துறது? விதி பதினொண்ணு. கொறைஞ்சது நாலு அயிட்டம் இருக்கணும். சாப்பாட்ட மதிக்காதவங்க சமுதாயத்தையும் மதிக்க மாட்டாங்கன்னு டத்தோ சொல்லியிருக்காரு.”

அவர் திரும்பிப் போய் மீ கோரெங், ஒரு வடை, ஒரு துண்டு வெள்ளரி, ஒரு கோழிக்கால் என்று நாலு எடுத்துவந்தார். செகப்பி தட்டை எட்டிப் பார்த்துவிட்டு, “வாயில வைங்க,” என்றார். அவர் பேச்சில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. உண்மையிலேயே விதியை நம்புகிறவர். கேப்ரியல் கோழிக்காலைக் கடித்தார். ஒன்பது வருடம் கழித்து மனைவியை எடுக்கப் போகிற நாளில் எலும்பைக் கடித்துக்கொண்டு நிற்கிறோமே என்று அவருக்கு அழுகை வந்தது. காரம் என்று நினைத்துக்கொண்டு செகப்பி தண்ணீர் கொடுத்தார். நான்காவது முத்திரை.

பேண்டு ஆரம்பித்தது. கோலாலம்பூரிலிருந்து வந்த குழு. பழைய படப் பாட்டுகளை வேகம் கூட்டி வாசித்தார்கள். பாடகர் நடுநடுவே, “தோட்டத்து மக்களே, கை எங்க?” என்று கேட்டார். கொட்டாங்கச்சிக்காரர்கள் மேடைக்கு முன்னால் போய் ஆடினார்கள். கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் தப்பு அடிக்கிற சத்தம் வந்தது. டோரிஸின் சவ ஊர்வலத்துக்கு, வேதக்கார வீடாயிற்றே என்று பார்க்காமல், மாரியம்மன் கோயில்காரர்கள் வந்து தப்படித்தார்கள். வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுச்செல்லும் ஆயாக் கொட்டாயில் அவள் வளர்த்த பிள்ளைகளின் அப்பன்மார்கள் அவர்கள். தீயில் காய்ச்சிக் கையால் அடித்த தப்பு. இங்கே அது பொத்தானில் வந்தது. கேப்ரியல் காதைப் பொத்திக்கொள்ளவில்லை. பொத்தினால் இசைக்கான முத்திரை கிடைக்காது. ஐந்தாவது முத்திரை விழுந்தது.

நாலு நாற்பதுக்குப் பெத்தபெருமாள் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

“அண்ணே, நீங்க ஏழாங்கட்டை ஆளுதானே? கடுதாசி வச்சிருக்கீங்களா?”

“இருக்கு சார்.” கேப்ரியல் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த கடிதத்தை எடுத்தார்.

“அப்ப மேடைக்கு வாங்க, சீக்கிரம். லான்சிங்குக்கு ஒரு பாட்டாளிப் பிரதிநிதி வேணும். வர்றேன்னு சொன்னவரு வரல. டத்தோ கூட நின்னு கைய வைங்க, அங்கயே கையெழுத்துப் போட்டுருவாரு.”

“என்ன லான்சிங்கு?”

“நெனவுப் பூங்கா லான்சிங்கு, அறிமுக விழா. சும்மா கிமிக்குதாண்ணே. கைய வச்சா படம் வரும், அவ்வளவுதான்.”

“போங்க மச்சான்!” என்று பிச்சைமுத்து கேப்ரியலைத் தள்ளினார். “மேடையில கையெழுத்து! யாருக்குக் கெடைக்கும்?” தன் பேனாக்களில் ஒன்றை எடுத்துக் கேப்ரியலின் பையில் செருகினார்.

மேடையின் நடுவே பிளாஸ்டிக்கில் செய்த ஒரு ரப்பர் மரம். அதில் கைவடிவத்தில் ரெண்டு கண்ணாடிப் பலகைகள். கேப்ரியலின் தோளில் ஒரு பொன்னாடை விழுந்தது. டத்தோ ஒரு பலகையில் கை வைத்தார். கேப்ரியல் கடிதத்தை நீட்டினார்.

“கைய வைங்க. அப்புறம் கையெழுத்து,” என்றார் டத்தோ, கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே.

ஷார்மேன் பத்திலிருந்து கீழே எண்ணினாள். மண்டபமே கூடச் சேர்ந்து எண்ணியது. சரியாக நாலே முக்காலுக்குக் கேப்ரியல் கையை வைத்தார்.

பிளாஸ்டிக் மரத்தில் வெள்ளை விளக்குகள் பால் போல இறங்கி ஓடின. பின்னாலிருந்த பெரிய திரை பளிச்சென்று எரிந்தது. அதில் வெயில், புல், முள்வேலி. மஞ்சள் நிற மண்வாரி இயந்திரம் ஒன்று, கழுத்தில் மாலையோடு. முன்னால் தேங்காய் உடைத்துக் கிடந்தது.

“ஏழாங்கட்டையிலிருந்து நேரலை!” என்று ஷார்மேன் கூவினாள். “நம்ம பாட்டாளியின் கையால நினைவுப் பூங்கா வேலை இப்ப ஆரம்பம்!”

இயந்திரம் ஒருமுறை முனகி, கையை உயர்த்தி, வேலியோரமாக இறக்கியது. புல்லுக்கு நடுவே நீலமாக ஏதோ தெரிந்தது. வெள்ளைகளுக்கு நடுவே ஒரே ஒரு நீலம். கேப்ரியலுக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று.

“நிப்பாட்டுங்க!” என்றார். ஒலிவாங்கி பக்கத்தில் இருந்ததால் மண்டபம் முழுக்கக் கேட்டது. “ஐயோ, நிப்பாட்டுங்க! அது என் டோரிஸு! நிப்பாட்டச் சொல்லுங்க!”

கண்ணாடிப் பலகையில் மறுபடி மறுபடி கையை வைத்து அழுத்தினார். அழுத்துகிறபோதெல்லாம் மரத்தில் பால் ஓடியது. இயந்திரம் தன்பாட்டுக்கு வாரிக்கொண்டிருந்தது.

“அண்ணே ரொம்ப உணர்ச்சிவசப்பட்டுட்டாரு,” என்றாள் ஷார்மேன், தழுதழுத்த குரலில். “பார்க்கவே கண்ணு கலங்குது. பலமா ஒரு கைதட்டல் குடுங்க!”

எழுந்து நின்று தட்டினார்கள். வண்ணக் காகிதத் துணுக்குகள் மேலிருந்து கொட்டின. பேண்டுக்காரர்கள் குத்துப்பாட்டுக்குத் தாவினார்கள். டத்தோ அவரைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார். பிறகு சொன்ன சொல் தவறாமல், பிச்சைமுத்துவின் பேனாவைக் கேப்ரியலின் பையிலிருந்து எடுத்து, கடிதத்தில் அழகாகக் கையெழுத்துப் போட்டார். பேனாவைத் தன் பையில் வைத்துக்கொண்டார்.

மேடைப் படிக்குப் பின்னால் கேப்ரியல் பெத்தபெருமாளின் சட்டையைப் பிடித்தார். அவர் வாழ்நாளில் யார் சட்டையையும் பிடித்ததில்லை.

“திங்கக்கெழமன்னு சொன்னீங்க. திங்கக்கெழமன்னு சொன்னீங்களேடா!”

“திங்கக்கெழம அஷ்டமிண்ணே! அஷ்டமில யாராச்சும் நல்ல காரியம் தொடங்குவாங்களா? நீங்க வேதக்காரவங்க, உங்களுக்குத் தெரியாது. இன்னிக்கு நாலே முக்காதான் நேரம் நல்லா இருந்துச்சு. நேத்தே வாட்ஸ்அப் குரூப்புல போட்டோம், பாக்கலியா?” பெத்தபெருமாள் சட்டையை விடுவித்துக்கொண்டு, அக்கறையோடு கேட்டார்: “எங்கண்ணே கெளம்புறீங்க? நன்றியுரை இருக்கே. அஞ்சுதான் குத்தியிருக்கு.”

வாசலில் செகப்பி போனைத் திருப்பிக் கொடுத்தார். ஜெயபாலனிடமிருந்து பதினெட்டு அழைப்புகள் வந்து ஓய்ந்திருந்தன. பிறகு பெட்டியையும் எடுத்துவந்தார். அது கனமாக இருந்தது. மேலே சிவப்பு நாடா கட்டியிருந்தது.

“டத்தோவே சொன்னாரு, மேடையில நின்னவர வெறுங்கையோட அனுப்பாதீங்கன்னு. விதி ஒம்பத இன்னிக்கு உங்களுக்காகத் தளர்த்தியிருக்கோம். ஆட்டுக்கறி, மீ, கோழி எல்லாம் வச்சிருக்கு. பாத்துத் தூக்குங்கண்ணே, கொழம்பு ஊத்திரும்.”

கேப்ரியல் பெட்டியை வாங்கிக்கொண்டார். மனிதன் ஓர் எல்லைக்கு மேல் கோபப்படவும் முடியாது போலிருக்கிறது. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கோப்பெங் சாலையில் ஓட்டினார். குழம்பு மூடிவழியாகக் கசிந்து சட்டையை நனைத்தது.

ஏழாங்கட்டைக்கு வந்தபோது ஆறேகால். இயந்திரம் நின்றிருந்தது, படம் பிடிக்கிறவர்கள் போயிருந்தார்கள். கேட்டுக்கு வெளியே ஜெயபாலன் தரையில் உட்கார்ந்திருந்தார், உடம்பெல்லாம் மண். மடியில் நீலச் சிலுவை, ஒரு கை உடைந்து.

“குறுக்க நின்னேன் மச்சான்,” என்றார். “டிவியில ஓடுது, ஆளு தெரியக்கூடாதுன்னு நாலு பேரு இழுத்துப் போட்டுட்டாங்க. இத மட்டுந்தான் எடுக்க முடிஞ்சுச்சு.”

காவலாளி கனகராஜ் கடிதத்தை வாங்கி, விளக்கடியில் பிடித்து, எழுத்துக் கூட்டிப் படித்தார். கையெழுத்தைப் பார்த்தார். தலையாட்டினார்.

“எல்லாம் சரியாத்தான் இருக்குண்ணே. ஆனா ‘வேலை தொடங்குமுன்’னு போட்டிருக்கு. வேலதான் தொடங்கிருச்சே. இப்ப இது செல்லாது. நான் என்ன செய்ய?”

ஜெயபாலன் எழுந்தார். அடிக்கத்தான் எழுந்தார். அதற்குள் கனகராஜின் மூக்கு பெட்டியின் பக்கம் திரும்பிவிட்டது.

“அது என்னண்ணே, ஆட்டுக்கறியா?”

“ஆமா,” என்றார் கேப்ரியல்.

“காலையிலருந்து ரொட்டி ஒண்ணுதாண்ணே. பூசை, டிவின்னு ஒருத்தரும் ஒரு வாய் சோறு குடுக்கல.”

கேப்ரியல் நாடாவை அவிழ்த்துப் பெட்டியை அவரிடம் நீட்டினார். கனகராஜ் ஒரு பழைய செய்தித்தாளை விரித்து எல்லாவற்றையும் கவிழ்த்துக்கொண்டார். சாப்பிடத் தொடங்குமுன் எழுந்து போய்க் கேட்டைத் திறந்துவிட்டார். நான்கு மாதம் அலைந்து வாங்கிய கையெழுத்து கீழே கிடந்தது. அதன் மேல் ஒரு கோழி எலும்பு விழுந்தது.

குழாயடியில் பெட்டியை ரெண்டு பேரும் மாற்றி மாற்றிக் கழுவினார்கள். பலகை எண்ணெயைக் குடித்திருந்தது. மசாலா வாடை போகவில்லை. டோரிஸ் சமைத்த வீடும் அப்படித்தான் இருக்கும் என்று ஜெயபாலன் ஆறுதலுக்குச் சொன்னார். கேப்ரியல் அதற்குத் தலையாட்டினார்.

போன் மணியடித்தது. பேரவைக் குரூப்பில் படம். பிளாஸ்டிக் மரத்தில் கை வைத்தபடி கேப்ரியல், பக்கத்தில் சிரிக்கிற டத்தோ. கீழே எழுத்து: ‘ஏழாங்கட்டை மக்களின் முழுச் சம்மதத்தோடு.’ அதற்குக் கீழே ஏற்கெனவே அறுபது பேர் கைகூப்பியிருந்தார்கள். கேப்ரியல் போனை அணைத்தார். அந்தக் கையைக் கால்சட்டையில் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

வேலியோரமாக நான்கு மண்குவியல்கள் இருந்தன. ஒவ்வொன்றும் ஆள் உயரம். வேர்களும் பலகைத் துண்டுகளும் ஜெபமாலை மணிகளும், யாருடையவோ கைவளையலும், வெள்ளை வெள்ளையாக வேறு சிலதும் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன. ஜெயபாலன் முதல் குவியலைச் சுற்றி வந்தார், பிறகு ரெண்டாவதை. மண்வெட்டியை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்.

“மச்சான், இதுல டோரிஸு எது?”

கேப்ரியல் மண்டியிட்டார். முதல் குவியலிலிருந்து கையால் கொஞ்சம் எடுத்துப் பெட்டியில் போட்டார். அடுத்த குவியலுக்கு நகர்ந்து அதிலிருந்தும் கொஞ்சம் எடுத்தார்.

“எல்லாத்துலயும் ஒரு பிடி எடுத்துக்குவோம்,” என்றார். “நான் கை வச்சுத்தானே அத்தன பேரும் எந்திரிச்சாங்க. யாரையும் விட்டுட்டுப் போகக்கூடாது.”